கரிசலில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸ்... சாவி பாக்டீரியா கையில் இருக்கிறதா?

மண்ணில் சத்து இருக்கிறது, பயிருக்குத்தான் கிடைப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் வயல்களின் இந்தப் பழைய சிக்கலைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரி எவ்வளவு தூரம் தீர்க்கும்?

புரட்டாசி பிறந்தால் போதும், பெரம்பலூர் பக்கம் சொந்த நிலம் உள்ளவர்களின் வீட்டில் இந்த போன்கால் வந்துவிடும். மகன் சென்னையிலோ பெங்களூருவிலோ ஆபீஸில் இருப்பார். அந்தப் பக்கம் அப்பா.

"தம்பி, சோளம் போடணும்பா. ஈரம் நல்லா இருக்கு. ஆனா கடையில டிஏபி இல்லங்கறான். காம்ப்ளக்ஸ் வாங்கிக்கங்கறான். பக்கத்துல ஏதோ பாக்டீரியா பாக்கெட்டு போடுங்கறாங்க. நீதான் போன்ல பார்ப்பியே, அது வேலை செய்யுமான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

கேள்வி சின்னது. பதில் அவ்வளவு சின்னது இல்லை. "ஆமாம், சூப்பரா வேலை செய்யும்" என்பவர்களும் இருக்கிறார்கள், "அதெல்லாம் வெறும் கரித்தூள்" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

கடல் விட்டுப்போன சொத்து

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் பக்கம் போயிருப்பீர்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் ஊட்டத்தூர். இன்னும் கொஞ்சம் வடகிழக்கே போனால் காரை. மழைநீர் அரித்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்து கிடக்கும் களிமண் மேடுகள். பார்க்க வேற்றுக் கிரகம் மாதிரி இருக்கும்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் கடல். நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட்டுகள், சிப்பிகள், சுறாப் பற்கள் எல்லாம் இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக் கிடப்பதும் அந்தக் காலத்துக் கதைதான். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் அரியலூர் சிமென்ட் ஊர் ஆனது.

அதே கடல் இன்னொன்றையும் விட்டுப்போனது. அதுதான் பாஸ்பேட்.

ஊட்டத்தூருக்குக் கிழக்கே களிமண்ணுக்குள் உருண்டை உருண்டையாக பாஸ்பேட் கற்கள் புதைந்து கிடக்கின்றன. வார்த் என்ற புவியியலாளர் 1893-ல் இதை அளந்து பார்த்தார். 200 அடி ஆழம் வரை கணக்கிட்டால் சுமார் 80 லட்சம் டன் இருக்கும் என்றார். அந்த உருண்டைகளில் 56 முதல் 59 சதவீதம் வரை கால்சியம் பாஸ்பேட் இருந்தது. ஆனால் களிமண்ணுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்ததால், தோண்டியெடுப்பது லாபமான தொழிலாக அமையவில்லை.

அந்தக் கற்களை மாவாக அரைத்து, தென்னிந்தியக் காபித் தோட்டங்களுக்கு உரமாக விற்கும் முயற்சி நடந்தது. இங்கே ஒரு கேள்வி வரும். ஊட்டத்தூரைச் சுற்றி அத்தனை வயல் இருக்க, ஏன் காபித் தோட்டம்? அந்தக் கேள்விக்கான விடையில்தான் நம் முழுக் கதையும் இருக்கிறது. மலைத்தோட்ட மண் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. அதில் பாஸ்பேட் கல் மெல்ல மெல்லக் கரையும். பெரம்பலூர் கரிசல் அப்படி இல்லை. சுண்ணாம்பு கலந்த காரமண். அதில் போட்ட கல் கல்லாகவே கிடக்கும்.

பாஸ்பரஸ் இல்லாட்டி என்ன ஆகும்?

விவசாயிகள் இதை மணிச்சத்து என்பார்கள். மணி பிடிக்க வைக்கும் சத்து. தழைச்சத்து இலையைப் பச்சையாக்கும், சாம்பல் சத்து பயிருக்குத் திடம் தரும் என்றால், மணிச்சத்து வேரை ஓட வைக்கும், பூவைக் கொண்டுவரும், மணியை நிரப்பும்.

உயிரியல் பாடத்தில் படித்த டிஎன்ஏ நினைவிருக்கிறதா? அதன் முதுகெலும்பே பாஸ்பேட்தான். செல்லுக்குள் ஆற்றலைச் சுமந்து திரியும் ஏடிபி மூலக்கூறிலும் பாஸ்பேட்தான். ஆக, பாஸ்பரஸுக்கு மாற்று கிடையாது. எந்த உயிருக்கும் கிடையாது.

மக்காச்சோளத்தில் இது குறைந்தால் கண்ணுக்கே தெரியும். இளம்பயிரின் அடியிலைகளில் ஓரம் ஊதா நிறமாகும். பயிர் குன்றி நிற்கும். கதிர் சிறுத்துப்போகும்.

தழைச்சத்து விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. காற்றில் நைட்ரஜன் கொட்டிக் கிடக்கிறது. அதைத் தொழிற்சாலையில் யூரியாவாக்கலாம், பயறுவகைப் பயிரின் வேர் முடிச்சில் பாக்டீரியா பிடித்து வைக்கும். பாஸ்பரஸுக்கு அந்த வசதி இல்லை. பாறையில் இருந்துதான் வர வேண்டும். உலகத்தின் பாஸ்பேட் பாறை இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோ, மேற்கு சகாரா பகுதியில் இருக்கிறது. இந்தியாவில் ராஜஸ்தானின் உதய்ப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் பெரிய சுரங்கம் உண்டு. ஆனால் நம் தேவைக்கு அது எந்த மூலைக்கு? பாறை, பாஸ்பாரிக் அமிலம், ரெடிமேட் டிஏபி என்று ஏதோ ஒரு வடிவத்தில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது.

அதனால்தான் 2021-ல் சீனா உர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்தியாவிலும் டிஏபிக்குத் தட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு மே மாதம், விலை ஏற்றத்தைச் சமாளிக்க மத்திய அரசு டிஏபி மூட்டைக்கான மானியத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. விவசாயி கையில் கொடுக்கும் விலை 50 கிலோ மூட்டைக்கு 1,350 ரூபாய் என்பதற்குப் பின்னால், நாம் எல்லோரும் கட்டும் வரிப்பணமும் இருக்கிறது.

போட்ட உரம் எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு மூட்டை டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து. அதாவது 50 கிலோவில் 23 கிலோ. அதில் பயிர் முதல் பருவத்தில் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 முதல் 20 சதவீதம்தான் என்கிறது வேளாண் அறிவியல். 20 என்றே வைத்துக்கொண்டாலும் 5 கிலோ கூட வரவில்லை. மீதி 18 கிலோவுக்கு மேல்?

ஆவியாகவில்லை. பெரும்பாலும் மழையில் கரைந்து ஆழத்துக்கும் போகவில்லை. அதே வயலில்தான் இருக்கிறது. ஆனால் பூட்டிக் கிடக்கிறது.

பயிரின் வேர் பாஸ்பரஸை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளாது. மண் ஈரத்தில் கரைந்த பாஸ்பேட் அயனியாக இருந்தால் மட்டுமே உறிஞ்சும். கரிசல் மண்ணில் கால்சியம் ஏராளம். உரத்திலிருந்து பாஸ்பேட் வெளியே வந்ததும் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான பிடி. நாளாக நாளாக இறுகி, கரையாத கால்சியம் பாஸ்பேட்டாக மாறிவிடும். ஒரு வகையில், காசு கொடுத்து வாங்கிய உரம் திரும்பவும் ஊட்டத்தூர் கல் மாதிரியே ஆகிவிடுகிறது.

அரியலூர் மாவட்டத்தின் கிழக்கே, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி விளையும் செம்மண்ணில் கதை வேறு. அங்கே பூட்டுப் போடுவது இரும்பும் அலுமினியமும். பூட்டு வேறு, விளைவு ஒன்றுதான்.

எவ்வளவு பூட்டிக் கிடக்கும்? ஒரு ஏக்கரில் உழவு படும் மேல்மண், சுமார் 15 செ.மீ. ஆழம், ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடை இருக்கும். ஒரு கிலோ மண்ணில் 500 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்தால், ஏக்கருக்கு 450 கிலோ. மண் பரிசோதனையில் "பயிருக்குக் கிடைக்கும் நிலையில்" என்று வருவது பல நேரம் ஐந்து, பத்து கிலோதான். வங்கியில் நாலரை லட்சம் டெபாசிட், ஏடிஎம்மில் வருவதோ ஐயாயிரம் என்கிற மாதிரி.

அந்தப் பூட்டை பாக்டீரியா எப்படித் திறக்கிறது?

உரத் தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள்? பாஸ்பேட் பாறையின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றுகிறார்கள். அமிலம் கால்சியத்தின் பிடியைத் தளர்த்துகிறது, பாஸ்பேட் விடுபடுகிறது. இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் 1842-ல் காப்புரிமை வாங்கிய சூப்பர் பாஸ்பேட் செய்முறை இதுதான்.

சில மண் பாக்டீரியாக்கள் இதே வேலையை, சத்தமில்லாமல், ஒரு மண்துகளின் மேல் உட்கார்ந்து செய்கின்றன. வேர் கசியவிடும் சர்க்கரையைச் சாப்பிட்டுவிட்டு அமிலத்தைச் சுரக்கின்றன. முக்கியமானது குளுக்கோனிக் அமிலம். கூடவே சிட்ரிக், ஆக்ஸாலிக் அமிலங்களும். இந்த அமிலங்கள் இரண்டு விதத்தில் வேலை செய்கின்றன. ஒன்று, சுற்றியுள்ள மண்ணைக் கொஞ்சம் புளிப்பாக்கிக் கல்லைக் கரைக்கின்றன. இரண்டு, கால்சியத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு பாஸ்பேட்டை விடுவிக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. தொழுஉரம், இலைதழை, பழைய வேர்கள் என்று மண்ணில் மட்கும் பொருட்களிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க பாஸ்பட்டேஸ், ஃபைட்டேஸ் என்ற நொதிகளை இவை வெளியிடுகின்றன.

கடையில் "பாஸ்போபாக்டீரியா" என்று விற்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் இருப்பவை பேசில்லஸ் அல்லது சூடோமோனாஸ் குடும்பத்து பாக்டீரியாக்கள். பிரபலமானது பேசில்லஸ் மெகாட்டீரியம். "பெரிய மிருகம்" என்று அர்த்தம். மற்ற பாக்டீரியாக்களைவிட உருவத்தில் பெரியது என்பதால் அந்தப் பெயர். 2020-ல் விஞ்ஞானிகள் அதைப் புதிய பேரினத்துக்கு மாற்றி, பிரிஸ்டியா மெகாட்டீரியம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாக்கெட்டில் இரண்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

தட்டில் தெரிந்த வளையம்

எந்த பாக்டீரியா இந்த வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சோவியத் ஒன்றியத்தின் பிகோவ்ஸ்கயா என்ற ஆய்வாளர் 1948-ல் ஓர் எளிய வழியைக் காட்டினார். கண்ணாடித் தட்டில் அகார் கூழ், அதில் சர்க்கரை, கரையாத கால்சியம் பாஸ்பேட் தூள். தட்டு பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதில் பாக்டீரியாவை வைத்துச் சில நாள் விட்டால், பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியாவைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு தெளிந்த வளையம் விழும்.

கண்ணுக்கு முன்னால் நடக்கும் வித்தை இது. வளையம் பெரிதாக விழுந்தால் நல்ல பாக்டீரியா. இன்றைக்கும் கல்லூரி ஆய்வகங்களில் வயல் மண்ணைக் கொண்டுவந்து முதலில் செய்து பார்ப்பது இந்தச் சோதனையைத்தான்.

சோவியத் ஒன்றியம் அதோடு நிற்கவில்லை. மெகாட்டீரியத்தை "பாஸ்போபாக்டீரின்" என்ற பெயரில் உரமாகவே தயாரித்து 1950-களில் பெரிய அளவில் வயல்களில் போட்டது. மகசூல் கூடுகிறது என்று அறிக்கைகள் வந்தன. அமெரிக்க வேளாண் துறையும் அதைச் சோதித்துப் பார்த்தது. 1962-ல் வெளியான அவர்களின் அறிக்கை உற்சாகம் தரவில்லை. நம்பிச் சொல்லும்படியான மகசூல் உயர்வு தெரியவில்லை என்றார்கள்.

தட்டில் வேலை செய்தது வயலில் ஏன் தடுமாறியது?

கரிசல் காட்டிய கைவரிசை

இதற்குத் தெளிவான ஒரு பதில் இந்தியாவிலிருந்தே வந்தது. பரோடாவில் உள்ள எம்.எஸ். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியில் கார கரிசல் மண்ணை வைத்து ஆராய்ந்தார்கள். தட்டில் அழகாக வளையம் போட்ட பாக்டீரியாக்கள், கரிசல் மண்ணில் பாஸ்பரஸை விடுவிக்கத் தவறின.

காரணம் புரிந்துகொள்ள எளிது. ஒரு டம்ளர் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் உடனே புளிக்கும். அதே எலுமிச்சையை ஒரு டம்ளர் சுண்ணாம்புத் தண்ணீரில் பிழிந்தால்? புளிப்பே தெரியாது. சுண்ணாம்பு அமிலத்தை விழுங்கிவிடும். ஆய்வகத் தட்டில் இருப்பது வெறும் தண்ணீர் மாதிரி. கரிசல் மண் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. பாக்டீரியா சுரக்கும் கொஞ்ச அமிலத்தை, அது பாஸ்பேட்டைத் தொடுவதற்கு முன்பே, மண்ணில் உள்ள சுண்ணாம்பு காலி செய்துவிடுகிறது.

பரோடா குழு இன்னொன்றையும் செய்தது. துவரைச் செடியின் வேர்ப் பகுதியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, இந்தக் காரத்தையும் மீறி அதிக அமிலம் சுரந்து கரிசலில் பாஸ்பரஸை விடுவித்ததைக் காட்டினார்கள். அதாவது எல்லா பாஸ்போபாக்டீரியாவும் ஒன்று இல்லை. எந்த மண்ணுக்கு எது என்பது முக்கியம்.

சுண்ணாம்புக்கல் மேலேயே உட்கார்ந்திருக்கும் பெரம்பலூர், அரியலூர் பகுதிக்கு இது நேரடியாகப் பொருந்தும். எங்கோ வேறு மண்ணில் தேர்ந்தெடுத்த பாக்டீரியாவை இங்கே கொண்டுவந்து போடுவதைவிட, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பாக்டீரியாவைத் தேடி, இந்த மண்ணிலேயே சோதித்து, பெருக்கித் தருவது பலன் தர வாய்ப்பு அதிகம். பல தலைமுறையாகச் சுண்ணாம்போடு குடித்தனம் நடத்திப் பழகியது அதுதானே!

அதற்காக மற்றவை தண்டம் என்றும் சொல்லிவிட முடியாது. இந்த பாக்டீரியாக்கள் பல, வேரைத் தூண்டும் ஹார்மோன்களையும் சுரக்கின்றன. வேர் அதிகம் ஓடினால், அதே மண்ணில் அதிக இடத்தைத் தொட்டு அதிக பாஸ்பரஸை எடுக்கும். பாஸ்பரஸ் மண்ணில் நகர்ந்து வருவது மில்லிமீட்டர் கணக்கில்தான். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

உலகம் முழுவதும் நடந்த வயல் சோதனைகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, பல வகை உயிர் உரங்களைச் சேர்த்துப் பார்த்தது. வறண்ட பகுதிகளில்தான் அவற்றின் பலன் அதிகம், சராசரியாகச் சுமார் 20 சதவீத மகசூல் உயர்வு என்றது. சராசரி என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சில வயலில் நிறைய, சில வயலில் ஒன்றுமே இல்லை.

பாக்கெட்டுக்குள் உயிர் இருக்கா?

மண்ணை விடுங்கள். பாக்கெட்டிலேயே சிக்கல் வரலாம். யூரியா மூட்டையை வெயிலில் போட்டாலும் யூரியா யூரியாதான். பாக்டீரியா அப்படி இல்லை. உயிருள்ள பொருள். கடையின் தகர ஷெட்டில் மே மாத வெயிலில் கிடந்தால் செத்துவிடும். செத்த பிறகும் பாக்கெட் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்.

2006-ல் உயிர் உரங்களும் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்தன. அதன்படி பாஸ்போபாக்டீரியா தூள் வடிவில் இருந்தால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். திரவம் என்றால் ஒரு மில்லியில் 10 கோடி. இதை வீட்டில் எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் வாங்கும்போது இதையெல்லாம் பார்க்கலாம்:

* தயாரித்த தேதி, காலாவதி தேதி. தேதி அழிந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.
* பாக்டீரியாவின் பெயர், செல் எண்ணிக்கை, எந்தப் பயிருக்கு என்ற விவரம்.
* கடையில் எங்கே வைத்திருக்கிறார்கள்? பூச்சிமருந்து டப்பாவுக்குப் பக்கத்திலா, வெயில் படும் இடத்திலா?
* கிடைத்தால் திரவ வடிவம் நல்லது. தூளைவிட அதிக நாள் தாங்கும்.

வட்டார வேளாண் விரிவாக்க மையங்களில் அரசு உற்பத்தி செய்யும் உயிர் உரங்கள் மானியத்தில் கிடைக்கின்றன. டிஏபி மூட்டையோடு ஒப்பிட்டால் செலவு சில்லறைக் காசுதான்.

எப்படிப் போடணும்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்கு 10 பாக்கெட், அதாவது 2 கிலோ. ஏக்கர் கணக்கில் 200 கிராம் பாக்கெட் 4. ஹெக்டேருக்கு 25 கிலோ மட்கிய தொழுஉரம், 25 கிலோ மண்ணோடு கலந்து, விதைக்கும் முன் வயலில் தூவ வேண்டும். ஏக்கருக்கு என்றால் தொழுஉரமும் மண்ணும் பத்துப் பத்து கிலோ.

விதையோடு கலக்கும் முறையும் உண்டு. ஆறிய அரிசிக் கஞ்சியில் பாக்கெட்டைக் கலந்து, விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைப்பார்கள். ஆனால் இங்கே கவனம். மக்காச்சோள வீரிய ஒட்டு விதைகள் பல, கம்பெனியிலிருந்தே கலர் பூசி, பூஞ்சாணக்கொல்லி, பூச்சிமருந்து கலந்துதான் வருகின்றன. 2018-ல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் சோளக்காடுகளைப் படாதபாடு படுத்திய பிறகு மருந்து கலந்த விதைக்கு மவுசு கூடிவிட்டது. அந்த விதையின் மேல் பாக்டீரியாவைப் பூசினால் மருந்து பாக்டீரியாவையும் பதம் பார்க்கலாம். அப்படிப்பட்ட விதைக்கு, மண்ணில் தொழுஉரத்தோடு தூவுவதே பாதுகாப்பு.

செய்யக் கூடாதவை:

* டிஏபி, யூரியாவோடு ஒரே பையில் கலப்பது.
* காய்ந்த மண்ணில், உச்சி வெயிலில் தூவுவது.
* தொழுஉரம் இல்லாமல் வெறும் பாக்கெட்டை மட்டும் போடுவது.

கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். பாக்டீரியா அமிலம் சுரக்க அதற்குச் சாப்பாடு வேண்டும். அந்தச் சாப்பாடு கரிமச்சத்து. மாடு குறைந்து, எரு குறைந்து, தட்டையைக் கொளுத்தும் வயலில் பாக்டீரியாவை விடுவது, சமையல்காரரை வரச்சொல்லிவிட்டு அரிசியே வாங்காமல் இருப்பது மாதிரி.

அப்போ டிஏபியை நிறுத்திடலாமா?

இதுதான் அப்பாவின் உண்மையான கேள்வி. நேர்மையான பதில், வயலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் மண்வள அட்டையை எடுங்கள். 2015-ல் தொடங்கிய திட்டம் அது. பல வீடுகளில் பீரோவுக்குள் பத்திரத்தோடு பத்திரமாகத் தூங்குகிறது. அதில் மணிச்சத்து வரியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பொதுவாகப் பின்பற்றும் அளவுகோல்படி ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22-க்கு மேல் அதிகம்.

* அதிகம் என்றால், வருஷா வருஷம் போட்ட டிஏபி மண்ணில் சேர்ந்திருக்கிறது. மூட்டைக்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. வேளாண் அலுவலரிடம் கேட்டு அளவைக் குறைக்கலாம். பாக்டீரியாவும் தொழுஉரமும் இங்கே கைகொடுக்க நல்ல வாய்ப்பு.
* நடுத்தரம் என்றால், உரத்தை ஓரளவு குறைத்து பாக்டீரியாவைச் சேர்க்கலாம். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்.
* குறைவு என்றால், பாக்கெட்டை மட்டும் நம்பி உரத்தை விட்டுவிடுவது ஆபத்து. பாக்டீரியா புதிதாக பாஸ்பரஸை உருவாக்குவதில்லை. இருப்பதைத் திறக்கும், அவ்வளவுதான்.

டிஏபி கிடைக்கவே இல்லை என்றால் சூப்பர் பாஸ்பேட் இருக்கிறது. அதில் மணிச்சத்து 16 சதவீதம்தான், ஆனால் கூடவே கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். தழைச்சத்தை யூரியாவில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். எந்த உரமானாலும் வயல் முழுக்க விசிறாமல், விதை வரிசைக்குப் பக்கத்தில் சாலில் போட்டால் கால்சியம் பிடிக்கும் முன் வேர் பிடிக்க வாய்ப்பு கூடும். உளுந்து, பாசிப்பயறுக்கு 2 சதவீத டிஏபி கரைசலை இலைவழி தெளிக்கச் சொல்வதும் அதே தந்திரம்தான். மண்ணில் போட்டால்தானே பூட்டு!

ஒரு சால் விட்டுப் பாருங்கள்

யார் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம் என்றால், அப்பாவே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரி மண் உள்ள இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் ஆறு பட்டை. ஒவ்வொன்றும் ஐந்து சென்ட். ஒன்றில் பாக்டீரியா, அடுத்ததில் கிடையாது என்று மாற்றி மாற்றி. விதை, உரம், தொழுஉரம், தண்ணீர், களை எல்லாம் ஒன்றேபோல. அறுவடையில் ஆறையும் தனித்தனியாக எடை போட வேண்டும். மூன்று ஜோடியிலும் பாக்டீரியா பக்கம் கூடியிருந்தால் அந்தப் பாக்கெட் உங்கள் மண்ணில் வேலை செய்கிறது என்று நம்பலாம். ஒன்றில் கூடி, ஒன்றில் குறைந்தால் அடுத்த வருஷம் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

எக்செல் ஷீட்டில் அந்த ஆறு எண்ணையும் போட்டு வைக்க வேண்டியது சென்னையில் இருக்கும் உங்கள் வேலை.

அப்பாவுக்கு இப்போது என்ன பதில் சொல்வது? இப்படிச் சொல்லலாம்: "பா, பீரோவுல மண்வள அட்டை இருக்கும், அதை போட்டோ எடுத்து அனுப்புங்க. எருவை மக்க வைங்க. பாக்கெட்டுல தேதி பார்த்து வாங்குங்க. உரத்தைக் குறைக்கிறதா வேண்டாமான்னு அட்டையைப் பார்த்துட்டு ராத்திரி பேசுவோம்."